தேவகியின் போனைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்தது

போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு நேரம் ஆகும்? போட்டோ எல்லாம் போய்விடுமா? பதினோரு வருடமாக உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்து இந்த இரண்டுக்கும் பதில் சொல்லி வருகிறேன். கல்வெட்டு பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள்கூட கோயிலைச் சுற்றி முடித்ததும் சார்ஜர் ஒயர் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். டூப்ளிகேட் டிஸ்ப்ளே என்றால் டூப்ளிகேட் என்று சொல்லித்தான் போடுவேன். பெருமைக்காக எழுதவில்லை, ஐயா. தாமோதரன் எப்படிப்பட்டவன் என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நடந்ததை ஸ்டேஷனில் உட்கார்ந்து என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை. அந்த வேலையையே பட்டப்பகலில், கடைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனுக்கு உரியவளை எதிரே உட்காரவைத்துத்தான் செய்தேன்.

சின்னராசு முதலில் வந்தது போன வருடம் மாசியில். திருப்புலிவனத்துக்கு அந்தப் பக்கம், ஊர்க்கோடியில் இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவன். கல் குவாரியில் வேலை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். என் கடைக்குள் யாரும் செருப்பை விட்டு வருவதில்லை.

"குவாரில ஒர்த்தர் கீறாருண்ணா. போன்ல ஒண்ணு சொல்றாரு. நேர்ல போய் நின்னா, நான் எப்படா சொன்னேங்கறாரு. சரி, ரெக்கார்டு போடலாம்னு பாத்தா உள்ள ஒரு பொம்பள கொரலு இங்கிலீஷ்ல சொல்லிக் குடுத்துடுது. அவுரு உஷாராயி கட் பண்ணிடறாரு. அந்தப் பொம்பளய நிறுத்த முடியுமாண்ணா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்டது நல்ல கேள்வி. இப்போது வருகிற போன்களில் பேச்சைப் பதிவு செய்தால் எதிராளிக்கும் அறிவிப்புப் போய்விடும். அதை நிறுத்த வேண்டுமென்றால் போனை ரூட் செய்ய வேண்டும். கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, கம்பெனி வைத்த ரெக்கவரியை, அதாவது போன் கெட்டால் சரிசெய்ய உள்ளே வைத்திருக்கும் சிறு மென்பொருளை, எடுத்துவிட்டு நாம் ஒன்றை வைக்க வேண்டும். கஸ்டம் ரெக்கவரி என்போம். வீட்டுக்குப் பின்வாசல் வைக்கிற மாதிரி. அந்த வழியாகப் போனால் போனுக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். உத்திரமேரூரில் இதைச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். செய்து கொடுத்தேன். சில ஆப் இனிமேல் திறக்காது என்று அப்போதே எச்சரித்தும் அனுப்பினேன்.

அவன் சொன்ன அந்த 'ஒர்த்தர்' யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நம் வேலை போனோடு சரி.

ஆனி மாதம் குவாரியில் வெடி விபத்து நடந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெடியின் ஒயரைப் பேட்டரியில் வைத்து வெடிப்பதற்கு முன் ஊத வேண்டிய சங்கை யாரும் ஊதவில்லை. பாலா என்கிற பையன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவரப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தான். இருபத்திரண்டு வயது. சின்னராசுவின் குடியிருப்புக்காரன்தான், எதிர் வீடு. அனுமதி இல்லாமல் சின்னராசு வெடியை எடுத்து வெடித்துவிட்டான் என்று வழக்குப் போட்டார்கள். வெடிமருந்துச் சட்டமும் சேர்ந்துகொண்டதால் ஜாமீன் கிடைக்கவில்லை. உள்ளே போகும்போது போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள்தான் தேவகி.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை தேவகி கடைக்கு வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை சேர வேண்டும். வருகைப் பதிவெல்லாம் போனில்தான். முகத்தைக் காட்டினால் பதிவாகும். அந்த ஆப் இந்தப் போனில் திறக்கவில்லை.

"இந்தப் போன்ல இன்னாவோ மாத்திக் கீறாங்க, இது ஆவாதுன்னு வருதுண்ணா. சூபர்வைசரம்மா சொல்ட்டாங்க, திங்கக்கெழம ஆப்பு ஓடலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னு. அவுரு உள்ள போனதுலேந்து வூட்ல ஒரு வருமானம் இல்ல. நீதாண்ணா எதனா பண்ணணும்."

ரூட் செய்த போன் என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த மாதிரி ஆப் திறக்காது. பின்வாசலை எடுத்துவிட்டு, கம்பெனி ரெக்கவரியை வைத்து, பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். ஒரு மணி நேர வேலை என்றேன். அவள் போனைத் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இதுலதாண்ணா அவுரு உசுரே கீது" என்றாள். பிறகு, என்ன நினைத்தாளோ, ஒரு பதிவைத் தொட்டு என் காதருகே வைத்தாள். "சவுண்டு கம்மியா கீது. கோர்ட்ல கேக்குமாண்ணா?"

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. முதலில் சின்னராசுவின் குரல். "சங்கு ஊதிடலாம்னு நான் சொன்னனே சார். நீங்கதானே சார் ஒயர பேட்டரில வச்சீங்க." பிறகு இன்னொரு குரல் வந்தது. "ஆமாண்டா, நான்தான் வச்சேன். இப்ப இன்னா பண்ணச் சொல்ற? நீயா எடுத்து வெடிச்சேன்னு சொல்லிடு. மூணு மாசம். வெளிய கொண்டாந்துடறேன். பயப்படாத, நான் பாத்துக்கறேன்."

அது என் மாமாவின் குரல். மோகன்குமார். என் அக்கா சித்ராவின் கணவர், குவாரி மேனேஜர். மதுராந்தகத்தில் இருப்பதால் தேவகிக்கு உறவு தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அப்போது என் கையில் வேறொரு போன் இருந்தது. அதன் சார்ஜிங் ஓட்டையில் அடைந்திருந்த தூசியைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு முடிகிற வரை எடுத்துக்கொண்டேயிருந்தேன்.

அவள் மீதியையும் சொன்னாள். மேனேஜர் பேச்சை நம்பி சின்னராசு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். மூன்று மாதம் ஆகியும் யாரும் எட்டிப் பார்க்காததால்தான் பதிவு இருப்பதை மனைவியிடம் சொல்லியிருக்கிறான். இலவச சட்ட உதவியில் வந்த சாரதா என்ற வக்கீலம்மா அதைக் கேட்டுவிட்டு, இது ஒன்று போதும், ஆனால் போனை அப்படியே வைத்திரு, யாருக்கும் அனுப்பாதே, வாய்தா அன்று நானே கோர்ட்டில் கொடுக்கிறேன் என்றாராம். பாலாவின் அம்மா செல்லம்மாள், என் மகனைக் கொன்றவன் வீடு என்று சொல்லித் தேவகி வாசலைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்புகிறாளாம். "கோர்ட்ல இத போட்டாங்கன்னா அதுவும் நின்னுடும்ணா" என்றாள். பிறகு கேட்டாள், எல்லோரும் கேட்கிற இரண்டாவது கேள்வியை.

"சரி பண்ணா இது போயிடுமாண்ணா?"

நாளைக்கு வா, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மதுராந்தகம் போனேன். ஐயா, மோகன்குமார் என்ன சொன்னார் என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். நானும் மூன்று முறை பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். இப்போது எழுதிவிடுகிறேன். அவர் வாசலில் அமர்ந்து மகளுக்குச் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். "வாப்பா, கடை எப்படிப் போவுது?" என்றார். பரவாயில்லை மாமா என்றேன். அக்கா தோசை போட்டாள். சாப்பிட்டேன். கேட்டுவிடலாம் என்று நான்கு முறையாவது வாயைத் திறந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அக்கா இன்னொரு தோசையைக் கொண்டுவந்து வைத்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன்.

அவ்வளவுதான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பதிவு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நீங்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்த அன்றுதான் தெரிந்திருக்கும்.

அப்படியானால் ஏன் செய்தாய் என்பீர்கள். பயம், ஐயா. நேராகவே சொல்கிறேன், பயம்தான். அப்பா இறந்த பிறகு, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு நான் தெருவில் திரிந்தபோது, இந்தக் கடையைப் பிடித்துக் கொடுத்தவர் மாமா. சாவியைக் கையில் வைத்து, "பயப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றார். அதே சொல், அதே குரல். பார்த்துக்கொள்ளவும் செய்தார். அந்தக் குரலை நம்பி நான் உருப்பட்டேன், சின்னராசு உள்ளே போனான். அதைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினால் அக்கா என்ன ஆவாள், பிள்ளை என்ன ஆகும் என்றுதான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். தேவகிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்கிறார்கள். இவள் எனக்கு யார்?

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தாள். குளித்து, தலைவாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். வேலைக்குப் போகிற நினைப்பிலேயே இருந்தாள் என்று தோன்றியது. நாற்காலி போட்டேன். டீ வரவழைத்தேன்.

"வக்கீலம்மாவாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டாண்ணா?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம அதுவுமா அவங்கள ஏம்மா பேஜார் பண்ற? அவங்களுக்கு சட்டம் தெரியும், போன் தெரியாது. பேக்கப் எடுத்துட்டுத்தான் கை வெப்பேன்."

நான் பொய் சொல்லவில்லை. பேக்கப் எடுத்தேன். கஸ்டம் ரெக்கவரியில் அதற்கென்றே வசதி உண்டு. புது மெமரி கார்டு ஒன்றை என் கணக்கிலேயே போட்டு, போனின் உள்ளமைப்பு, ஆப், செட்டிங் எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். ஆனால் போட்டோ, பாட்டு, பதிவு செய்த பேச்சு இருக்கிற இடத்தை அந்த பேக்கப் தொடாது. இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அது தெரியும். ஏற்றிய பேக்கப்பைத் திறக்க அதே கஸ்டம் ரெக்கவரி வேண்டும். அதைத்தான் நான் எடுக்கப் போகிறேன். கார்டில் எட்டு ஜிபி நிறைந்திருப்பதை அவளுக்குக் காட்டினேன். "பாரு, எவ்ளோ ஏறிக் கீது." அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

பதிவு மொத்தம் மூன்று. மூன்றையும் தனியாகப் பிரதி எடுக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். பென் டிரைவ் மேசை டிராயரிலேயே இருந்தது.

பிறகு ஒயரை மாட்டி, கம்பெனி மென்பொருளை ஏற்றினேன். பின்வாசல் போயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் பதிவுகள் இருந்திருக்கும். வேறு ஏதாவது வழி செய்து அந்த ஆப்பையும் ஓடவைத்திருக்கலாம். பூட்டைத் திரும்பப் போடும்போதுதான் எல்லாம் அழியும். போனே அதைச் சொல்லும். போனில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று திரையில் எழுத்து வரும். வந்தது. போனை மேசை நடுவில், அவள் பார்க்கும்படிதான் வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாண்ணா கேக்குது?" என்றாள்.

"பூட்டட்டுமான்னு கேக்குது."

"பூட்டுண்ணா" என்றாள்.

பூட்டினேன். சம்மதம் அவளுடையது என்று தட்டிக்கழிக்க வரவில்லை. பட்டனை அழுத்தியது என் விரல். ஆனால் அந்த நேரத்தில் அவள் அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

போன் புதிது போல எழுந்தது. ஆப்பைப் போட்டேன். முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினாள், ஏற்றுக்கொண்டது. அவளுக்கு வந்த சந்தோஷத்தை நான் சொல்லி முடியாது. கார்டைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்து, "எல்லாம் இதுலதான் கீது. போன்ல போட்டு போட்டு கேக்காத, கெட்டுப் போயிடும். நேரா கோர்ட்லதான் பிரிக்கணும்" என்றேன். இதுதான் நான் சொன்ன முழுப் பொய். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவள் அதை மஞ்சள் துணியில் முடிந்து, வீட்டில் கன்னியம்மா சாமி படத்தடியில் வைத்தாளாம். குழந்தையைக்கூட அந்தப் பக்கம் விடவில்லையாம். பின்னால் அவளே சொன்னாள்.

அடுத்த நாள் விடியற்காலை வேனுக்காக அவள் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அப்போதுதான் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டினாள். அதன் பிறகு தினமும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மார்கழியில் வாய்தா. வக்கீலம்மா கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே என்னென்னவோ பெயரில் பைல்கள். பேச்சு ஒன்றுகூட இல்லை. போனிலும் இல்லை. சேதி உள்ளே சின்னராசுவுக்குப் போயிற்று. அவன் யாரையும் திட்டவில்லை. "நான்தான் வெடிச்சேன்னு எழுதிக்கம்மா, முடிஞ்சி போவட்டும்" என்று சொல்லிவிட்டானாம். வக்கீலம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கோர்ட்டில் ஒப்புக்கொண்டான். நான்கு வருடம் தீர்ப்பானது. தீர்ப்பு நாளில் எதிர் வீட்டுச் செல்லம்மாள் தன் வாசலில் சூடம் ஏற்றிக் கும்பிட்டாளாம்.

சாரதா வக்கீல் விடாத மனுஷி. கார்டை ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாரிடமோ காட்டியிருக்கிறார். இது இன்ன ரெக்கவரியில் எடுத்த பேக்கப், எடுத்த நாள் இது, நேரம் காலை பத்து நாற்பது என்று அவர்கள் பைல் பெயரிலேயே படித்துச் சொல்லிவிட்டார்கள். அதை வைத்துத்தான் நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது, ஐயா. என்னாலும் முடியாது, உங்கள் லேபிலும் முடியாது. பூட்டும்போது பழைய சாவியும் சேர்ந்தே அழிந்துவிடும். அந்த வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன்.

இதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்து செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு நிரபராதி உள்ளே போவான் என்று தெரியும். அவனைக் காட்டிக்கொடுத்த குரல் வெளியே இருக்கும் என்றும் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. தீர்ப்பாகி ஒரு வாரம் கழித்துத் தேவகி கடைக்கு வந்தாள். வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள், கம்பெனி சட்டையைக்கூட மாற்றவில்லை. கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணா, நீ படிச்சிப் படிச்சி சொல்லி அனுப்பின. நான்தாண்ணா கேக்கல. கார்த்தி தீபத்தன்னிக்கு மனசு தாங்கல. அவுரு கொரல ஒருவாட்டி கேட்டுக்கலாம்னு முடிச்ச அவுத்து போன்ல போட்டேன். ஒண்ணும் வரல. பயந்துக்கினு ஒடனே எடுத்து வச்சிட்டேன். என் கை பட்டுத்தாண்ணா எல்லாம் பூடுச்சி. நாலு வருசம், என்னாலதாண்ணா." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவுராண்ட மட்டும் சொல்லிடாதண்ணா. வெளிய வந்து என்ன வூட்டுக்குள்ள சேக்க மாட்டாரு."

நான் தண்ணீர் கொடுத்தேன். போனது போகட்டும், இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்று சொன்னேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் பிள்ளைமேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஐந்து மாதமாக அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். மாமாவிடம் சொன்னதில்லை, அக்காவிடம் சொன்னதில்லை, நீங்கள் இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டபோதும் சொன்னதில்லை. இன்று இங்கே எழுதிவிட்டேன். இந்தக் காகிதம் எப்படியாவது சின்னராசு கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் என்பது ஒன்றுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.